எல்லா டெஸ்ட்டும் நார்மல்... ஆனாலும், தலைசுற்றல் நிற்கவில்லையே!

‘‘என் அம்மாவுக்கு வயது 57. ஒன்றரை ஏக்கரில் மணிலா போட்டிருக்கிறோம். இரண்டு கறவை மாடுகள் இருந்தன. மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை பாயிலிருந்து எழுந்தபோது, வீடே சுற்றுவதாகச் சொல்லி வாந்தி எடுத்தார். அதன்பிறகு புரண்டு படுத்தாலே சுற்றும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். இரண்டு வாரங்களில் அந்தச் சுற்றல் போய்விட்டது. ஆனால், அன்றிலிருந்து எட்டு மாதங்களாக, நாள் முழுக்கத் தலை மிதப்பதுபோல இருக்கிறது என்கிறார். படுத்தால் குறைகிறது; நின்றால், நடந்தால் வருகிறது. சந்தைக்குப் போனால் அதிகமாகிறது. ரத்தம், காது, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையை இன்னமும் சாப்பிடுகிறார். கொல்லைக்குப் போவதில்லை. பால் கறக்க ஆளில்லாமல் ஒரு மாட்டை விற்றுவிட்டோம். ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறா’ என்று அப்பா திட்டுகிறார். அம்மாவுக்கு என்னதான் பிரச்னை? இது சரியாகுமா?’’

- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, நோய் என்ன என்பது. இன்னொன்று, அம்மா நடிக்கிறாரா என்பது. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அம்மா நடிக்கவில்லை. ஸ்கேன் நார்மலாக இருப்பதும், ஒருவருக்கு நாள் முழுக்கத் தலை மிதப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால், கடிதத்தில் சொல்லியிருக்கும் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, ஒரு திசையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

சுற்றுகிறதா... இருட்டுகிறதா... தள்ளாடுகிறதா?

‘தலைசுற்றல்’ என்ற ஒரே சொல்லில் கிராமத்தில் பல தொந்தரவுகளைச் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவருக்கு இந்தச் சொல் மட்டும் போதாது.

வீடு, கூரை, மரம் எல்லாம் ராட்டினம்போலச் சுற்றினால், அது பெரும்பாலும் காதின் உள்பகுதியிலிருந்து வருவது. உட்கார்ந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால், ரத்த அழுத்தம் இறங்குவது, உடலில் நீர் குறைவது, ரத்தசோகை போன்றவற்றைப் பார்க்க வேண்டும். சுற்றவும் இல்லை, இருட்டவும் இல்லை, பரிசலில் நிற்பதுபோல மிதக்கிறது, கால் தரையில் பாவவில்லை என்றால் அது மூன்றாவது வகை. வாசகியின் அம்மாவுக்கு மாசி மாதத்தில் வந்தது முதல் வகை. இப்போது இருப்பது மூன்றாவது வகை. இரண்டும் ஒன்றல்ல. எட்டு மாதங்களாக இரண்டையும் ஒன்றென்று நினைத்து, முதலாவதற்கான மாத்திரையையே சாப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் இங்கே பெரிய சிக்கல்.

எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்யும்போது வருகிறது, என்ன செய்தால் குறைகிறது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்... இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனால், பாதி நோயை அந்தத் தாளே சொல்லிவிடும்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் வைக்கும்போது ரசமட்டம் பிடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு காதின் உள்ளேயும் அதுபோன்ற அமைப்பு இருக்கிறது. நீர் நிரம்பிய, அரைவட்டமான மூன்று நுண்குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நீர் அசைந்து, மூளைக்குத் தகவல் சொல்லும்.

நாம் விழாமல் நிற்பதற்குக் காது மட்டும் காரணமல்ல. கண் ஒரு தகவல் தருகிறது. பாதமும் மூட்டுகளும் இன்னொரு தகவல் தருகின்றன. மூன்றையும் மூளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது. தலையில் புல்லுக்கட்டுடன், ஒரு சாண் அகல வரப்பில், பேசிக்கொண்டே நடந்து வருபவருக்கு இந்த மூன்று கணக்கும் அவர் நினைக்காமலேயே நடக்கிறது. நினைக்காமல் நடப்பதுதான் இதில் முக்கியம்.

மாசி மாதத்தில் நடந்தது என்ன?

காதின் உள்ளே, அரைவட்டக் குழாய்களை ஒட்டிய பையில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாக ஆக, அல்லது தலையில் அடிபட்டால், சில துகள்கள் கழன்று குழாய்க்குள் போய்விடும். சொட்டுநீர்க் குழாயில் மணல் போனதுபோலத்தான். படுக்கையில் புரளும்போதும், எழும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் அந்தத் துகள்கள் உருளும். தலை நின்ற பிறகும் துகள் உருள்வதால், ‘இன்னும் சுற்றுகிறாய்’ என்று காது தவறான தகவல் தரும். அதனால்தான் அரை நிமிடம் வீடே சுற்றுகிறது. துகள் அடங்கியதும் சுற்றலும் அடங்குகிறது.

‘பி.பி.பி.வி’ என்று மருத்துவர்கள் எழுதும் தலைசுற்றல் இதுதான். சுற்றல் வகையில் மிகப் பரவலானது. உயிருக்கு ஆபத்தில்லை. பலருக்கு சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். இதற்கு முதன்மையான சிகிச்சை மாத்திரை அல்ல. நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, பிறகு மறுபக்கம் திருப்பி, ஒருக்களிக்கவைத்து எழுப்புவார்கள். குழாய்க்குள் போன துகளை, வந்த வழியே வெளியே உருட்டிவிடும் முறை இது. அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கியதால், ‘எப்லி முறை’ என்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ‘எப்லி செய்வீர்களா?’ என்று பெயர் சொல்லியே கேட்கலாம். எந்தக் காது என்று தெரியாமல், செல்போனில் வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்வது சரியல்ல. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுற்றல் நின்றபிறகும் மிதப்பு ஏன்?

கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. ஒரு தடவை கரன்ட் தாறுமாறாக வந்து மோட்டார் புகையப் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். பயந்துபோய், ரிலேவை மிகவும் குறைவான அளவில் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அதன்பிறகு மோட்டாரில் பழுதே இல்லாவிட்டாலும் சும்மா சும்மா ட்ரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் வந்து காயில் பார்ப்பார், ஒயர் பார்ப்பார், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று போய்விடுவார். ஆனால், தண்ணீர் வராது.

அம்மாவுக்கு நடந்திருப்பதும் ஏறக்குறைய இதேதான். மாசி மாதச் சுற்றலில் மூளை பயந்து, உஷாராகிவிட்டது. ‘இனி காதை நம்ப முடியாது’ என்று கண்ணை அதிகமாக நம்பத் தொடங்கியது. நினைக்காமல் நடந்துகொண்டிருந்த நடையை ஒவ்வோர் அடியாகக் கண்காணிக்க ஆரம்பித்தது. உடல் விறைத்துக்கொள்கிறது, அடி சிறுத்துப்போகிறது, கை சுவரைத் தேடுகிறது. காதில் துகள் அடங்கிய பிறகும் இந்த உஷார் நிலை அடங்கவில்லை. சந்தையில் நான்கு பக்கமும் ஆள்கள் நகரும்போது, கண் வழியாக வரும் அசைவு எல்லாம் தன்னுடைய அசைவாகத் தோன்றுகிறது. அதனால்தான் அங்கே அதிகமாகிறது. பேருந்தில் ஜன்னலோரம், கட்டம்போட்ட டைல்ஸ் தரை, செல்போனில் வேகமாகத் தள்ளிக்கொண்டே போவது, காற்றில் அலையடிக்கும் நெல்வயல்... இவையும் சிலருக்கு மிதப்பைக் கூட்டும்.

இதற்குப் பெயர், ‘பெர்சிஸ்டென்ட் போஸ்ச்சுரல் பெர்செப்சுவல் டிஸ்ஸினஸ்’. சுருக்கமாக, ‘பி.பி.பி.டி’. மூன்று மாதங்களோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாள்களில் மிதப்பு அல்லது தள்ளாட்டம் இருக்க வேண்டும். நிற்பது, நடப்பது, நகரும் காட்சிகளைப் பார்ப்பது ஆகியவற்றால் அது கூட வேண்டும். பெரும்பாலும் ஒரு காது நோய்க்கோ, வேறு உடல்நலக் குறைவுக்கோ, பெரிய அதிர்ச்சிக்கோ பிறகு தொடங்கியிருக்கும். காதின் சமநிலை உறுப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1914-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர், வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி. அவர் பெயரில் இயங்கும் சர்வதேச மருத்துவர் சங்கம், 2017-ம் ஆண்டில் இந்த நோய்க்கான இலக்கணத்தை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. பெயர் புதிது என்பதால், எல்லா மருத்துவர்களும் உடனே இந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால், தொந்தரவு புதிதல்ல. அதற்கு முன்பும் வேறு பெயர்களில் மருத்துவ நூல்கள் இதைப் பேசியிருக்கின்றன.

ஸ்கேனில் தெரியாது என்பதால் பொய் இல்லை. ஸ்கேன், மோட்டாரைப் பார்க்கிறது. பிரச்னை ரிலேவில் இருக்கிறது.

எட்டு மாத மாத்திரை

தலைசுற்றலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் மாத்திரைகளில் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய மருந்துகள் பரவலாக இருக்கின்றன. வீடே சுற்றி, வாந்தி எடுக்கும் அந்த இரண்டு மூன்று நாள்களுக்கு இவை உதவும். மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கானவை அல்ல. இவை மூளையின் சமநிலைப் பகுதியை மந்தப்படுத்துகின்றன. தானாகப் பழகிச் சரியாக வேண்டிய மூளையைப் பழகவிடாமல் செய்துவிடும். தூக்கக் கலக்கம் வரும். வயதானவர்கள் நீண்டகாலம் சாப்பிட்டால் கை நடுக்கம், நடையில் மெதுவு, முகத்தில் இறுக்கம் என ‘பார்கின்சன்’ நோய்போன்ற பாதிப்பும் வரலாம்.

எனவே, வாசகி முதலில் செய்ய வேண்டியது, அந்த மாத்திரை அட்டையை மருத்துவரிடம் எடுத்துப் போவது. எட்டு மாதங்கள் சாப்பிட்டதை இன்றே தூக்கி எறிய வேண்டாம். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்.

இன்னொன்று. கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, ‘தேய்மானம் இருக்கிறது, அதனால்தான் தலைசுற்றல்’ என்று சொல்லி, கழுத்துப் பட்டையும் மாட்டிவிடுவது நடக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பலரின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதுவே தலைசுற்றலுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. தலையைத் திருப்பாமல் பட்டை போட்டுக்கொண்டே இருந்தால், மூளை பழகுவது இன்னும் தள்ளிப்போகும்.

எப்படிச் சரியாகும்?

ரிலேவை ஒரே திருப்பில் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பலருக்கு மூன்றும் சேர்ந்தே தேவைப்படும்.

முதலாவது, சமநிலைப் பயிற்சி. இதை பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றில் கேட்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பயிற்சி எளிதானது. உதாரணமாக, நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் ஒரு பொட்டு ஒட்டி, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாகத் திருப்புவது. அரை நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. அது பழகியதும் நின்றுகொண்டு. அதுவும் பழகியதும் நடந்துகொண்டு. செய்யும்போது மிதப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கால் மணி, இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. அரை நாள் படுக்கவைத்துவிட்டால் அளவு அதிகம். மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் நிறைய செய்துவிட்டு நான்கு நாள் படுப்பதைவிட, தினமும் கொஞ்சம் செய்வதுதான் பலன் தரும்.

இரண்டாவது, மருந்து. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளைக் குறைந்த அளவில் மருத்துவர் தரலாம். இவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. ‘எனக்கு என்ன பைத்தியமா?’ என்று கேட்டு, அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூளையின் உஷார் நிலையைத் தணிக்கவே இந்த மாத்திரை. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தானாகவும் நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, பயத்துக்கான ஆலோசனை. ‘விழுந்துவிடுவோமோ’ என்ற பயம் மிதப்பைக் கூட்டுகிறது. மிதப்பு, பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, மனநல ஆலோசகரிடம் பேசுவது உதவும். அதோடு, ‘இது பக்கவாதமாக மாறாது, மூளைக்கட்டி இல்லை’ என்று மருத்துவர் வாயால் ஒரு தடவை தெளிவாகக் கேட்பதே சிலருக்குப் பாதி மருந்து.

கொல்லைக்குத் திரும்பும் வழி

படுத்தே இருந்தால் இந்தத் தொந்தரவு குறையாது. அதேநேரம், நாளைக்கே களையெடுக்கப் போகவும் முடியாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு, வீட்டு வேலைகளையே பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் வாசலில் நடை, காலையும் மாலையும் பத்து நிமிடம். சுவரைப் பிடிக்காமல், சுவர் ஓரமாக. அடுத்து, தெருக்கோடி வரை. அடுத்து, காய்ந்த, அகலமான வரப்பில், கூட ஒருவருடன். பாதத்தைப் பார்த்துக்கொண்டே நடக்காமல், பத்தடி தள்ளிப் பார்த்து நடக்க வேண்டும். சந்தைக்குப் போவதாக இருந்தால், முதலில் சந்தை இல்லாத நாளில் அந்தத் திடலுக்குப் போய் வரலாம். பிறகு, கூட்டம் சேராத காலை நேரத்தில்.

பழகும்வரை சில வேலைகள் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றடி, ஏணி, மாடிப்படி ஓரம், ஓடும் மோட்டார் பெல்ட் அருகே, கதிரடிக்கும் இயந்திரம், இருசக்கர வாகனம் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். இரவில் வெளியே போக டார்ச் லைட் வேண்டும். இருட்டில், கண் தரும் தகவல் இல்லாததால் தள்ளாட்டம் கூடும். பால் கறக்கும்போது குந்தி உட்காராமல் முக்காலி போட்டுக்கொள்வது நல்லது. எழும்போது ஒரே மூச்சில் எழாமல், ஒரு நிமிடம் நிதானித்து எழ வேண்டும்.

குடும்பத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் காலையில் ‘இன்னைக்குத் தலை சுத்துதா?’ என்று கேட்பதை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கேள்வி, மறந்திருந்த தொந்தரவையும் தேடிப் பார்க்கவைக்கும். ‘இன்னைக்கு எதுவரைக்கும் நடந்துட்டு வந்தே?’ என்று கேட்கலாம். ‘நடிக்கிறா’ என்ற சொல்லை அப்பா விட்டுவிட வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போனால், மகள் எட்டு மாதமாகச் சொல்ல முடியாததை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சரியாகுமா என்று கேட்டிருக்கிறார் வாசகி. சரியான சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். சிலருக்கு முழுவதும் போய்விடும். சிலருக்கு, இருந்தாலும் வேலையைத் தடுக்காத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால், நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் ஆகும். நடுவில் ஒரு வாரம் மோசமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொழுவத்தில் இன்னும் ஒரு மாடு இருக்கிறது. அதற்கு ஒரு கை வைக்கோல் வைத்துவிட்டு வருவதை முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

தலைசுற்றலுடன் கீழ்க்கண்டவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும், எலுமிச்சைச் சாறு, சுக்குக் கஷாயம் என்று காத்திருக்கக் கூடாது.

* வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், மரத்துப்போதல்
* பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை
* தாங்க முடியாத புதுத் தலைவலி
* பிடித்துக்கொண்டாலும் நிற்கவே முடியாத அளவு தள்ளாட்டம்
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்புடன் நினைவு தப்புதல்
* திடீரென ஒரு காது கேட்காமல் போதல்

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘‘எனக்கு வயது 62. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். குனிந்து நாற்று பறித்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?’’

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். இந்த வாசகர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், படுத்த நிலையில் ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அதுதான் காரணம். மாத்திரையின் அளவையோ, சாப்பிடும் நேரத்தையோ மருத்துவர் மாற்றித் தருவார். சிறுநீர் அடைப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் இப்படி அழுத்தத்தை இறக்கும். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.

ரத்தசோகையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழேயும், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் ரத்தசோகை. வயதான ஆணுக்கு ரத்தம் குறைந்தால், இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடாமல், வயிற்றுப்புண், மூலம் என எங்கே ரத்தம் போகிறது என்பதையும் தேட வேண்டும். சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வேலைக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், பசி, கிறுகிறுப்பு வரும். மடியில் எப்போதும் ஒரு துண்டு வெல்லமோ, சர்க்கரைப் பொட்டலமோ இருக்க வேண்டும்.

வயலில் நிமிரும்போது ஒரேயடியாக நிமிராமல், முழங்காலில் கைவைத்து, சில விநாடி நின்று நிமிர வேண்டும். வெயில் நாளில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தால் நிற்க முயலாமல், வரப்பிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

‘‘கத்திரிக்கு மருந்து அடிக்கும் நாள்களில் மட்டும் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. மோர் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?’’

- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்.

மோர் விஷத்தை முறிக்காது. பூச்சிக்கொல்லி, மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். கைத்தெளிப்பான் கசிந்து முதுகுச் சட்டை நனைந்திருந்தாலே போதும். தலைசுற்றலோடு அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், தசைத் துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால், அது பூச்சிக்கொல்லி விஷம் ஏறியதற்கான அறிகுறி. வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கமாக வெளியேற வேண்டும். உடைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருந்து டப்பாவையோ, லேபிளையோ எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்தைத் தாமதமில்லாமல் தர முடியும்.

ஒவ்வொரு தடவையும் தலை சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விஷம் உள்ளே போகிறது என்று பொருள். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், நீலம். பச்சை குறைந்த விஷம். கையால் கலக்கக் கூடாது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அவசியம். காற்றுக்கு எதிராகத் தெளிக்காமல், காலை அல்லது மாலையில் தெளிக்க வேண்டும். தெளித்த கையோடு வெற்றிலை, பீடி, சாப்பாடு எதுவும் கூடாது. தலை சுற்றாத அளவுக்குத் தெளிப்பதை யோசிப்பதைவிட, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பாதிக்கப்பட்ட நுனித்தண்டைக் கிள்ளி அழிப்பது என்று தெளிக்கும் தடவைகளையே குறைக்க முடியுமா என்று வேளாண் அலுவலரிடம் கேட்பது நல்லது. கத்திரிச் செடியைக் காப்பாற்றப் போய், அடிப்பவர் வரப்பில் சாயக் கூடாது.